மிதி… பிடி… விடு…

"தரையில ஒரு சொட்டு பிரேக் ஆயில் இல்ல. ஆனா டப்பாவுல மட்டும் வாராவாரம் குறையுது. அப்ப அது எங்கதான்யா போகுது?"

காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டிக் கேட்டார், தெருவில் 'கார்க்காரர்' என்றே பெயர் வாங்கிவிட்ட அந்த மனிதர். பக்கத்தில் குந்தியிருந்த மெக்கானிக் டார்ச்சை வாங்கிக்கொண்டு தானும் உள்ளே நுழைந்தான்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில், நாலு சக்கரமும் கழற்றப்பட்டு ஸ்டாண்டின் மேல் நின்றுகொண்டிருந்தது அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மொத்தமே இரண்டு சீட். வயதில் மெக்கானிக்குக்கு அண்ணன். இன்ஜின், கிளட்ச், கியர் என்று ஒவ்வொன்றாக வீட்டிலேயே உட்கார்ந்து சரிசெய்துவிட்டார் கார்க்காரர். பிரேக்தான் படுத்தியெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுத்துவிட்டால் பெடல் கல் மாதிரி நிற்கும். அடுத்த ஞாயிறு மிதித்துப் பார்த்தால் பஞ்சு மாதிரி அடிவரைக்கும் போகும்.

"காத்து ஏறியிருக்குண்ணே," என்றான் மெக்கானிக்.

"அது எனக்குத் தெரியாதா? எந்த வழியா ஏறுதுன்னு பார்க்கத்தானே உன்னைக் கூப்பிட்டேன்!"

குழாய், மூட்டு, வாஷர் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தான். எல்லாம் காய்ந்து கிடந்தன. அவனுக்கே மண்டை குடைய ஆரம்பித்தது. ஒழுகாமலே குறைகிற பிரேக் ஆயிலை அவன் தொழிலில் இதுவரை பார்த்ததில்லை.

"சரி, காத்து எப்படி எடுப்பீங்கன்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

கார்க்காரர் ஷெட் வாசலுக்குப் போனார். "பெடல் மிதிக்க ஆள் வேணுமே!" என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார்.

சமையலறைக் கதவு திறந்தது. அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்து, அவர் பக்கமே திரும்பாமல் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"தம்பி, டீ குடிச்சீங்களா? வீட்டுக்கு வந்தவங்களை ஒரு வார்த்தை கேக்கிற பழக்கம் சில பேருக்குக் கிடையாது," என்றார் ஸ்டியரிங்கைப் பார்த்து.

அந்தச் சில பேர் காதில் விழாத மாதிரி கீழே உட்கார்ந்து, காற்றை வெளியே விடும் சின்னத் திருகில் ஸ்பேனரை மாட்டினார்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"பிடி."

"பிடிச்சாச்சு."

திருகைத் திறந்தார். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. மூடினார்.

"விடு."

"விட்டாச்சு."

மறுபடி மிதி, மறுபடி பிடி. நாலு சக்கரத்துக்கும் இதே பாட்டு. கடைசிச் சக்கரத்தில், "கால் வலிக்கப் போகுது, மெதுவா மிதி," என்றார் அவர்.

"வலிக்கல."

பெடல் கல் மாதிரி நின்றது. மனைவி இறங்கினார். "வேலை முடிஞ்சுதான்னு கேட்டுச் சொல்லுங்க தம்பி. அடுப்புல போட்டது போட்டபடி கிடக்கு," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

"என்னண்ணே, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரனா?"

கார்க்காரர் ஸ்பேனரைத் துடைத்தார். "பேச்சுவார்த்தை இல்லப்பா. கேக்காம வண்டி வாங்கிட்டேன்னு கோபம். 'ஒண்ணு அந்த டப்பா வண்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்'னா. நானும் வாய்க்கொழுப்புல 'டப்பாவே இருக்கட்டும்'னுட்டேன். அதோட சரி. வாரம் பூரா ஊமைப்படம். இதை மிதிக்கிறப்பதான் அவ குரலையே கேக்குறேன்."

"அடப்பாவமே!"

"வெறுத்துப் போச்சு. பிரேக் மட்டும் நிக்கட்டும், இந்த வண்டியை எடுத்துக்கிட்டு எங்க அண்ணன் வீட்டோட போய் இருந்துடப் போறேன். பெட்டி கட்டியாச்சு. அவகிட்டயும் சொல்லியாச்சு… சுவத்தைப் பார்த்து."

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "அண்ணே, உள்ளதைச் சொல்லுங்க. திருகைத் திறந்து காத்தை ஏத்துறது நீங்கதானே?"

"எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? முதுகு ஒடிய வேலை பார்க்கிறது நான்!"

"அப்படின்னா ஒண்ணு பண்ணலாம். தனி ஆளாவே காத்து எடுக்க ஒரு குழாய் இருக்கு. கொடுத்துட்டுப் போறேன். அண்ணியைத் தொந்தரவு பண்ண வேண்டாம்."

"அதெல்லாம் வேண்டாம்," என்றார் அவர் சட்டென்று. "அதை… நம்ப முடியாது."

கள்ளன் அகப்பட்டுவிட்டான் என்று மெக்கானிக் மனதுக்குள் சிரித்துக்கொண்டான். தன் பையிலிருந்த நீள ஸ்பேனரை எடுத்து, நாலு திருகையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான்.

"இனிமே யானை வந்தாலும் அசையாது. சக்கரத்தை மாட்டிட்டு நீங்க தாராளமா நாளைக்கே கிளம்பலாம்."

"நாளைக்கேவா?" என்றார் கார்க்காரர். ஆசைப்பட்டது நடந்தும் அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். ஸ்பேனரைத் திரும்பவும் துடைக்க ஆரம்பித்தார்.

மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கமாக வந்தபோது, மனைவி டீயோடு நின்றிருந்தார். வாசல்படியில் ஆயில் பிசுக்கோடு ஒரு பழைய கிண்ணமும் துணியும் கிடந்தன.

"எல்லாத்தையும் இறுக்கிட்டீங்களா தம்பி?"

"உடும்புப் பிடி அண்ணி! கவலையை விடுங்க. அவரே நினைச்சாலும் இனிமே திறக்க முடியாது."

மனைவி ஷெட் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"கொஞ்சம் தளர்த்தி விட்டுட்டுப் போங்க தம்பி," என்றார் தாழ்ந்த குரலில். "இவ்வளவு முறுக்கினா, என் கைக்குத் திறக்க வராது."