ஆவியான பெட்ரோல்

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வண்டிய எடுக்கறேன். அதுக்குள்ள டேங்க் காலி! பழைய வண்டில பெட்ரோல் ஆவியாப் போயிடும் போல" என்று வாராவாரம் வீட்டில் புலம்புவார் வங்கி மேனேஜர்.

இன்று பழைய பைக்குகளின் ஊர்வலம். நேற்றுப் பார்த்து அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டு. பைக் கிளப் நண்பர்கள் அவர் வண்டியைக் கிளப்ப ஆள் மாற்றி ஆள் உதைத்துப் பார்த்தார்கள். வண்டி மசியவில்லை.

"அது என் காலுக்கு மட்டும்தான் கட்டுப்படும்" என்றார், பெருமையும் வயிற்றெரிச்சலுமாக.

"நகருங்க தம்பிகளா!"

ஹெல்மெட்டோடு வந்தார் அவருடைய மாமியார். கிக்கரை மெல்ல இறக்கிப் பதம் பார்த்து, ஓங்கி ஒரே உதை. வண்டி உறுமியது. விசில் பறந்தது.

மேனேஜர் வாயைப் பிளந்தார். "அத்தை... நீங்க எப்படி?"

"டேங்க் நிறைய இருக்கா மாப்பிள்ளை?" கியரைப் போட்டார் மாமியார். "இன்னிக்குக் கொஞ்சம் அதிகமாவே ஆவியாகும்!"