தோற்கத் தெரிந்தவள்

"அவங்க வேணும்னேதான் தோக்கறாங்க மேடம். எழுதியே கொண்டு வந்துட்டேன்."

வங்கியில் வேலை பார்ப்பவள் புகார்க் கடிதத்தை மருந்துக்கடைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். மருந்துக்கடைக்காரிதான் மகளிர் பில்லியர்ட்ஸ் சங்கத்துக்குச் செயலாளர்.

"யாரைச் சொல்றீங்க?"

"டெய்லரக்காவைத்தான். போன செவ்வாய் மத்தியானம் தனியா ஆடிட்டிருந்தாங்க. என் கண்ணால பார்த்தேன். எட்டுப் பந்தையும் ஒரே மூச்சுல குழியில தள்ளினாங்க. அன்னிக்கு சாயங்காலமே ஸ்கூல் பஸ் டிரைவர்கிட்ட தோத்தாங்க. குழி வாசல்ல நின்ன பந்து மேடம்! குழந்தை ஊதினாக்கூட விழுந்திருக்கும்."

செயலாளருக்குப் புரிந்தது. சங்கத்தில் ஒவ்வொருத்திக்கும் ஒரு தரம் உண்டு. தரம் இரண்டு என்றால் போட்டியை வெல்ல இரண்டு ஆட்டம் ஜெயித்தால் போதும்; தரம் ஆறு என்றால் ஆறு ஜெயிக்க வேண்டும். ஜெயிக்க ஜெயிக்கத் தரம் ஏறும். நேற்றுக் கோல் பிடித்தவளும் பத்து வருஷமாக ஆடுபவளும் ஒரே மேஜையில் நிற்க வேறு வழி கிடையாது. டெய்லரக்காவின் தரம் மூன்று.

"தரம் ஏறாம பதுங்கறாங்க. கோப்பை ஆட்டம் வரட்டும், பாயப் போறாங்க. நாங்க வாயைப் பொளந்துக்கிட்டு வேடிக்கை பார்க்கணுமா?"

"நிஜம்னா இந்த வருஷம் முழுக்க அவங்க ஆட முடியாது. விசாரிக்கறேன்."

மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் ஆட்டப் பதிவேட்டைப் பிரித்தாள். டெய்லரக்கா தோற்ற ஆட்டங்களை மட்டும் பென்சிலால் சுழித்தாள்.

பஸ் டிரைவர்: அதற்கு முன்னால் அவளுக்குத் தொடர்ந்து நாலு வாரம் தோல்வி. பல் டாக்டரிடம் வேலை செய்யும் பெண்: நாலு வாரம். இரட்டைக் குழந்தைக்காரி: அவளும் நாலு.

நன்றாக ஆடுகிற ஒருத்தியிடமும் டெய்லரக்கா தோற்கவில்லை.

போன வருஷப் பக்கத்தைப் புரட்டினாள். பென்சில் நின்றுவிட்டது. நாலு தோல்விக்குப் பிறகு, டெய்லரக்காவை ஜெயித்தவள் என்று அங்கே இருந்தது அவளுடைய சொந்தப் பெயர்.

அன்றைக்கு ஊரிலிருக்கும் தன் கூடப்பிறந்த அக்காவுக்கு ஃபோன் போட்டு, அந்த வெற்றியைப் பற்றி அரை மணி நேரம் அளந்தது நினைவுக்கு வந்தது. முகம் சுட்டது.

கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு, பதிவேட்டையும் புகார்க் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நேரே தையல் கடைக்குப் போனாள்.

டெய்லரக்கா வாயில் கடித்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சுழித்த பெயர்களைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

"நாலு வாரம் தோத்தவ அஞ்சாவது வாரத்துக்கு மேல வர்றதில்லம்மா. நானும் பார்த்துட்டேன். தலைவலிங்கறா, விருந்தாளிங்கறா, அப்புறம் ஆளே காணோம். பதினாறு பேருக்குக் குறைஞ்சா செவ்வாய்க்கிழமை மேஜை நமக்குக் கிடையாதுன்னு பில்லியர்ட்ஸ் கூடத்துக்காரர் சொல்லிட்டார் இல்ல?"

"அதுக்காக?"

"வாரத்துல ஆறு நாள் நான் இந்த மெஷினோடதான் பேசறேன். அந்த ஒரு சாயங்காலமும் போச்சுன்னா…" கையிலிருந்த துணியை மடித்தாள்.

"அப்போ நான் உங்களை ஜெயிச்சது?"

"அன்னிக்கு நீ நல்லாத்தான் ஆடினே."

"அக்கா."

டெய்லரக்கா நிமிர்ந்தாள். "அன்னிக்கு நீ உள்ள வரும்போதே பார்த்தேன். இதுதான் கடைசின்னு முடிவு பண்ணிட்டு வந்த மூஞ்சி. நீ போயிட்டா பதினஞ்சுதான்."

செயலாளருக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"வெறும் கையோட வந்தவங்கன்னு நினைச்சு எங்களுக்குப் பிச்சை போட்டிருக்கீங்க அக்கா. நல்ல மனசோட போட்டாலும் அது பிச்சைதான்."

டெய்லரக்கா தலை குனிந்துகொண்டாள்.

செயலாளர் புகார்க் கடிதத்தை எடுத்து அதன் அடியில் எழுதினாள்: 'விசாரித்தேன். தரம் தவறு. மூன்று, ஆறாகத் திருத்தப்பட்டது.'

"ஆறா!" என்றாள் டெய்லரக்கா. "நான் ஆறு ஜெயிக்கறதுக்குள்ள ஒவ்வொருத்தியும் ரெண்டு ஜெயிச்சிடுவாளே!"

"அதுக்குத்தானே தரம்னு ஒண்ணு வச்சிருக்கோம்? இனிமே நீங்க விட்டுக் குடுக்க வேணாம். விதியே குடுக்கும். நீங்க உங்க ஆட்டத்தை ஆடுங்க."

"எல்லாரும் மிரண்டு ஓடிட்டா?"

"ஓட மாட்டோம். அடுத்த செவ்வாய் உங்களோட முதல்ல நிக்கப் போறது நான்தான்."

செவ்வாய்க்கிழமை சுற்றிலும் பதினாலு பேர் நின்று பார்த்தார்கள். வங்கிக்காரி கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில்.

டெய்லரக்கா ஆடினாள். அப்படி ஓர் ஆட்டத்தை அந்தக் கூடம் அதுவரை பார்த்ததில்லை. நாலு ஆட்டம் மளமளவென்று போயின. செயலாளரின் கோலுக்கு மேஜை கிடைத்ததே அபூர்வம்.

ஐந்தாவது ஆட்டத்தில் டெய்லரக்காவின் பந்து ஒன்று மயிரிழையில் விலகியது. செயலாளர் குனிந்து, மூச்சைப் பிடித்து, மிச்சமிருந்த மூன்றையும் போட்டு, ஆட்டத்தை முடிக்கும் கறுப்புப் பந்தையும் போட்டாள்.

"சே!" என்று டெய்லரக்கா கோலைத் தரையில் குத்தினாள். நிஜமான எரிச்சல். "இன்னொரு தடவை விடமாட்டேன் பாரு!"

சொன்னபடியே விடவில்லை. ஆறுக்கு ஒன்று.

வங்கிக்காரி கட்டிய கையைப் பிரித்துத் தட்டினாள். "அடுத்த வாரம் அவங்களோட நான்," என்று பெயர் கொடுத்தாள்.

செயலாளரின் வீட்டில் கணவர் கதவைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜெயிச்சுட்டியா?" என்றார்.

"ஆறுக்கு ஒண்ணு. தோத்துட்டேன்."

"அப்புறம் ஏன் வாயெல்லாம் பல்லா நிக்கறே?"

"அந்த ஒண்ணுதாங்க," என்றாள் அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "டெய்லரக்காவை நான் முதல் தடவையா நிஜமா ஜெயிச்சது."