புல்வெட்டி சைக்கிள்

"எஞ்சினைக் கழட்டு. நீயா கழட்டுறியா, இல்ல நான் உடைச்சு எடுக்கவா?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், கட்டியிருந்த டையைக்கூடத் தளர்த்தாமல் நேராகத் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டான் ராய்ஸ். கையில் ஸ்பானர். வண்டிக் கொட்டகை வாசலில் அவன் தங்கையின் கணவன் வெர்னன் சைக்கிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். தங்கை டார்லா சமையலறைப் படியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். போன் போட்டு அண்ணனை வரவழைத்தவளே அவள்தான்.

அந்த எஞ்சின் ராய்ஸின் பழைய புல்வெட்டும் மெஷினில் இருந்தது. வெட்டும் தகடு உடைந்துபோய், அவன் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் குப்பையோடு குப்பையாக இரண்டு வருஷம் மழையில் கிடந்தது. அப்போது அதைக் கேட்க நாதியில்லை. வெர்னன் எடுத்துவந்து கார்புரேட்டரைக் கழுவினான். பின் சக்கரத்துக்கு மேலே பட்டை போட்டு மாட்டினான். எஞ்சினின் முனையில் ஓர் இரும்பு உருளையைச் செருகி, அது டயரில் உரசிச் சக்கரத்தைச் சுற்றும்படி செய்தான். கயிற்றை இழுத்தால் போதும், சைக்கிள் பறந்தது. ஓட ஆரம்பித்ததும் சொந்தக்காரர் வந்துவிட்டார். ஓடாத பொருளுக்கு உலகத்தில் யாரும் உரிமை கேட்பதில்லை.

வெர்னனுக்கு வேறு வழி இருக்கவில்லை. அவன் வேலை பார்க்கும் கோழிக்கறித் தொழிற்சாலை எட்டு மைல் தள்ளி இருந்தது. அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் அந்த மூலையில் பஸ் என்ற பேச்சே கிடையாது. மார்ச் மாதம் கார் பாலத்துக் கம்பியில் மோதியதில் அவனுடைய வலது முழங்கால் பிசகிவிட்டது, அவ்வளவு தூரம் மிதிக்க முடியாது. லைசென்ஸும் போய்விட்டது. இரண்டு முறை தாமதமாகப் போய் எச்சரிக்கை வாங்கியாயிற்று, மூன்றாவது முறை என்றால் வேலை இல்லை. இந்த சைக்கிள் வந்த பிறகு அவன் ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை.

ராய்ஸுக்கு வேண்டியது எஞ்சின் இல்லை, மானம். வளர்ந்த ஆண் ஒருவன் எஞ்சின் மாட்டிய சைக்கிளில் போனால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். குடித்துவிட்டுக் கார் ஓட்டி லைசென்ஸைத் தொலைத்தவன். உன் மச்சான் கொசு மாதிரி இரைச்சல் போட்டுக்கொண்டு போகிறானே என்று தீவனக் கடையில் கேட்டுச் சிரித்தார்களாம். சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன் இதையெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது.

"ரிப்பேர் பண்ணின கார் வீட்டுல நிக்குது. ஓட்ட அவ இருக்கா. கொண்டுபோய் விடுறேன்னு தினமும் கெஞ்சுறா. பொண்டாட்டி ஓட்டி நீ பக்கத்துல உக்காந்தா உன் கிரீடம் இறங்கிடுமோ?"

சைக்கிளே பழகிவிட்டது என்று முனகினான் வெர்னன். அது ராய்ஸை இன்னும் கிளப்பிவிட்டது. மார்ச் மாதக் கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்தான். டார்லாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது, அவள் ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தது, போலீஸ்காரர் குழாயை நீட்டி ஊதச் சொன்னபோது வெர்னன் முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஊத மறுத்தாலே லைசென்ஸ் போய்விடும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் கோர்ட் அனுப்பிய குடி நிறுத்தும் வகுப்பிலும் இதே அழுத்தம்தான். எப்போது குடிக்க ஆரம்பித்தாய் என்று கேட்டால் பதிலே இல்லை. திருந்தாத கட்டை என்று நான்கு வாரம் கூட்டிப் போட்டார்கள்.

"குடிக்காதவன்னா ஊதியிருக்க வேண்டியதுதானே? என் தங்கச்சியக் கொல்லப் பார்த்துட்டு, இன்னிக்கு வரைக்கும் தப்புன்னு ஒரு வார்த்தை வரலையே உன் வாயில."

வெர்னனுக்குக் காது மடல் சிவந்தது. கை அந்த ஸ்பானரைப் பிடுங்கத் துடித்தது. ஒரு வார்த்தை சொல்லி அண்ணனைத் தடுப்பாள் என்று டார்லாவைப் பார்த்தான். அவள் கோழிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சைக்கிளை விட்டுவிட்டான். ராய்ஸ் நான்கு போல்ட்டுகளையும் கழற்றினான். ஹேண்டில்பாரிலிருந்து எஞ்சினுக்குப் போன கம்பியை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் வெட்டினான். பெட்ரோல் அவனுடைய சர்ச் கால்சட்டையில் சிந்தியது, அதற்கும் வெர்னனையே திட்டினான். எஞ்சினைத் தன் வண்டியின் பின்னால் தூக்கிப் போட்டு, நாளைக் காலையில் ஒழுங்காக அவள் காரில் போய்ச் சேர் என்று உறுமிவிட்டுக் கிளம்பினான்.

டார்லா படியிறங்கி வந்தாள். அண்ணனுக்கு வாய்தான் அப்படி, மனசு தங்கம் என்றாள். காலை ஆறு மணிக்குத் தானே கொண்டுபோய் விடுவதாகவும், இனி ஊர் சிரிக்காது என்றும் சொன்னாள்.

நடந்து போவதாகச் சொன்னான் வெர்னன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எட்டு மைல் நடந்தால் வேலை போய்விடும் என்றாள் அவள். போகட்டும் என்றான்.

அவளுக்கும் ஆத்திரம் பொங்கிவிட்டது. "என் பக்கத்துல உக்கார்றது உனக்கு அவ்வளவு கேவலமா இருக்கா?"

"கேவலம் இல்ல டார்லா, பயம்" என்றான் வெர்னன். "அன்னிக்கு நான் ஊதியிருந்தா அதுல ஒண்ணுமே காட்டியிருக்காது. அடுத்து உன்னை ஊதச் சொல்லியிருப்பாங்க. இன்னிக்கும் நீ மத்தியானத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்ட. போலீஸ் வர்றதுக்குள்ள சீட்டு மாறி உக்கார என்னால ஒரு தடவைதான் முடியும்."