ஜெர்மனியில் ஓர் இடம்

மண்ணூரில் ரப்பர் வாஷர் செய்யும் சசிகலா, ஜெர்மனிக் கண்காட்சியில் சிறு கம்பெனிக்கென அரசு ஒதுக்கிய ஒரே இடத்தைக் கேட்டிருந்தாள்.

"ஃபாரின்லாம் பெரிய கம்பெனிங்களுக்கு. நமக்கு எதுக்கு? வுட்டுடு," என்று கணவன் ஜீவானந்தம் தடுத்துக்கொண்டே இருந்தான்.

முடிவு கேட்கப் போனபோது, மாவட்டத் தொழில் மைய அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "அது வேற கம்பெனிக்குப் போயிடுச்சும்மா. பேருக்குத்தான் சின்னது. ஒரகடத்துப் பெரிய கம்பெனி ஒண்ணு, சலுகைக்காக டிரைவர் பேர்ல ஆரம்பிச்சது."

"த்தூ! இதுக்குப் பேர் குடுத்தவன் யாரு சார்?"

அவர் சொன்னார்.

வெளியே பைக்கில் காத்திருந்த ஜீவானந்தம், "கெடைக்கலியா? நான்தான் அப்பவே சொன்னேனே!" என்றான்.

"ஜெர்மனி போற முதலாளியாமே நீ? எம்.டி.க்குக் காரோட்றவன்னு இல்ல நெனைச்சிகினு இருந்தேன்!"

காறித் துப்பிவிட்டு, சசிகலா பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.