சேறு படாத ஜெர்சி

இரண்டாம் டிவிஷன் கால்பந்துக் குழு ஒன்றில் ஓர் எருமைக்கடா தடுப்பாட்டம் ஆடியது. பந்து எங்கே வருமோ அங்கே முன்னாலேயே போய் நின்றுவிடும். அதனால் அது ஓடியதுமில்லை, விழுந்ததுமில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முன் முதலாளி நரி அதைக் கூப்பிட்டது.

"ஏம்ப்பா, உன் ஜெர்சியில ஒரு பொட்டுச் சேறு இல்ல. ஜனங்களுக்கு உன் பேரே தெரியல. அடுத்த வருஷம் உனக்கு இடமில்ல."

"கோல் விழலையே, முதலாளி!"

"விழாத கோலைப் பார்க்க எவன்யா டிக்கெட் வாங்குவான்?"

எருமைக்குச் சுருக்கென்றது.

அன்றைய ஆட்டத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி நின்றது. பந்து தாண்டிப் போனதும் துரத்தி ஓடி, சேற்றில் சறுக்கி விழுந்து, கோல் கம்பத்தருகே அதை உதைத்துத் தள்ளியது. மைதானமே எழுந்து அதன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அடுத்த முறை பந்து எட்டவில்லை; கோல் விழுந்தது. குழு தோற்றது. சேற்றில் கிடந்த எருமைக்கு மட்டும் கைதட்டல் ஓயவில்லை.

நரி ஓடிவந்து கட்டிக்கொண்டது. "நீ எங்கேயும் போகக்கூடாது, ராஜா!"

கோல்கீப்பர் கொக்கு வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டே கேட்டது. "அண்ணே, அடுத்த வருஷமாவது பழைய இடத்துல நிப்பீங்களா?"

"மாட்டேன், தம்பி. அங்க நின்னா நான் யார் கண்ணுக்கும் தெரியறதில்ல."