கலர் அறுபது பைசா

“மூணு கலருக்கு ஒரு ரூவா எம்பது பைசாவாங்க?”

ஆறுமுகசாமிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. ஆனாலும் வாயிலிருந்து ‘ங்க’ மட்டும் போகவில்லை. திருப்பூர்க்காரர் சட்டையைப் பிடித்தாலும் மரியாதையாகத்தான் பிடிப்பார்.

“ஆமாங்க. ஒரு பாட்டில் அறுவது பைசாங்க,” என்றார் கல்லாவில் இருந்த ஹோட்டல்காரர் கிட்டுசாமி.

“எதுத்த பெட்டிக்கடையில இருவத்தஞ்சு பைசாங்க.”

“அங்க அப்படித்தானுங்க.”

ஆறுமுகசாமிக்குச் சொந்தமாகப் பனியன் கம்பெனி. அன்று காலையில்தான் கல்கத்தா வியாபாரியையும் அவருடைய கணக்குப்பிள்ளையையும் காதர்பேட்டையிலிருந்து இங்கே அழைத்து வந்து, வெயிலுக்கு இதமாக ஆளுக்கொரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். விருந்தாளிகள் முன்னால் பேரம் பேசினால் மரியாதை போய்விடுமே என்று கேட்ட காசைக் கொடுத்துவிட்டார். அவர்களை ரயிலேற்றியதும் வயிறு எரிந்தது. நேரே திரும்பி வந்துவிட்டார்.

“விலைப்பலகை எங்கீங்க? எல்லா ஹோட்டல்லயும் மாட்டியிருக்குது. உங்க செவுத்துல வெறும் ஆணிதான் இருக்குது.”

கிட்டுசாமி கல்லாவிலிருந்த சில்லறையை அடுக்க ஆரம்பித்தார்.

அப்போது சாயப்பட்டறை ஆள் ஒருவர் சாப்பிட்டு எழுந்தார். முழங்கை வரை நீலக்கறை. வேட்டி மடியிலிருந்த சில்லறையைத் திரும்பி நின்று எண்ணினார். இலை எடுக்க வந்த சப்ளையர் நல்லான் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“சாப்பாடு ஒண்ணு, இருவது பைசா!”

அவர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

“அவருக்குச் சாப்பாடே இருவது பைசா, எனக்குக் கலர் அறுவதாங்க? ஆளைப் பாத்து வெலை வெப்பீங்களா?”

“ஆமாங்க. ஆளைப் பாத்துத்தானுங்க.”

திருடன்கூட இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டான்.

“நானும் இதே கடையில சாப்பிட்டவன்தானுங்க,” என்று ஆரம்பித்தார் ஆறுமுகசாமி. இந்தக் கதையை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. “அம்பத்தஞ்சுல, கட்டிங் வேலைக்கு வந்த புதுசு. எட்டு மாசம், தினம் மத்தியானம் நாலணாச் சாப்பாடு. நாயமான வெலை, வயிறு ரொம்பும். அதுல மிச்சம் புடிச்சுத்தான் மொத மிஷினுக்குப் பணம் கட்டினேன். ஒருத்தர்கிட்ட ஒரு பருக்கை ஓசியில தின்னதில்லீங்க. அப்ப நாயமா இருந்த கடை, இப்பக் கொள்ளையடிக்குது.”

கிட்டுசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

ஆறுமுகசாமி சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். “தாசில்தாருக்கு மனு. நாளைக்குக் குடுத்தேன்னா, பலகை மாட்டற வரைக்கும் நீங்க கடை தொறக்க முடியாதுங்க.”

அதுவரை அசையாத கிட்டுசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது.

“கலர் காசை முழுசாத் திருப்பித் தர்றனுங்க. அபராதம்னாலும் கட்டறேன். பலகை மட்டும் வேண்டாமுங்க. பலகை மாட்டினா, சாப்பிட வர்றவங்கள்ல பாதிப்பேரு வாசப்படி ஏற மாட்டாங்க.”

“அவ்வளவு கொள்ளை வெலைன்னு நீங்களே சொல்றீங்க. பலகையே செய்யலையா, ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?”

“மாவுத் தொட்டி மேல மூடிக் கெடக்குதுங்க,” என்றான் நல்லான், பொறுக்க முடியாமல்.

“நல்லான், சும்மா இரு.”

அதற்குள் ஆறுமுகசாமி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் தொட்டி. மேலே மூடியிருந்த பலகையைத் திருப்பித் துண்டால் துடைத்தார். காய்ந்த மாவுக்கடியில் வெள்ளை எழுத்துகள் தெரிந்தன.

விலைப்பட்டியல், 1-1-1955.

கலர், மூணணா. காபி, ரெண்டணா. சாப்பாடு, பத்தணா.

இன்னொரு முறை துடைத்துப் பார்த்தார். பத்தணாதான்.

பக்கத்து இலைக்காரர்கள் பத்தணா கொடுத்துவிட்டுப் போனபோதெல்லாம், வடையும் காபியும் சேர்த்துத் தின்றிருப்பார்கள் என்று அந்த எட்டு மாதமும் அவர் நினைத்திருந்தார்.

முதல் நாளும் ஞாபகம் வந்தது. கைக்குள் நாலணா. உள்ளே போகலாமா வேண்டாமா என்று தெருவில் நின்று, சுவரில் விலை தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தார். உள்ளே ஒருவர் அவசரமாக ஸ்டூலில் ஏறி எதையோ கழற்றினார். கழற்றிவிட்டு, “உள்ள வா கண்ணு, எல போட்டாச்சு,” என்று கூப்பிட்டார்.

இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு ஒரு மனிதர் பன்னிரண்டு வருஷம் வாய் திறக்காமல் இருக்க முடியுமா? வெளியே வந்தபோது ஆறுமுகசாமியின் குரல் இறங்கியிருந்தது.

“அன்னைக்கு நீங்க ஸ்டூல் மேல ஏறிக் கழட்டுனது…”

“தொடச்சு மாட்டலாம்னு கழட்டுனனுங்க,” என்றார் கிட்டுசாமி, அவர் முகத்தைப் பார்க்காமல். “அப்பறம் மாட்டறதுக்கு நேரமே வரலீங்க.”

“கலர் குடிக்கறவங்க காசுலதானுங்க இங்க பாதிப் பேருக்கு எல போடறது,” என்றான் நல்லான்.

ஆறுமுகசாமி பலகையைக் கொண்டுபோய் மறுபடியும் தொட்டியின் மேலேயே கவிழ்த்தார். மனுவை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாயப்பட்டறைக்காரர் சாப்பிட்ட இடத்திலேயே உட்கார்ந்தார்.

“நல்லான், ஒரு கலர் கொண்டாங்க.”

கிட்டுசாமி சங்கடத்தோடு கல்லாவிலிருந்து எழுந்தார். “வேண்டாமுங்க. வெலை சாஸ்திங்க.”

“தெரியுமுங்க,” என்றார் ஆறுமுகசாமி. “தினம் ஒண்ணு. எட்டு மாசத்துக்கு.”