உச்சிவெயில் பதில்

காட்டுத்தீ பார்க்கும் மலைக்கோபுரத்திலிருந்து ஒச்சப்பன் தினமும் உச்சிவெயிலில் சவரக் கண்ணாடியை மினுக்கிக் காட்டுவான். அடிவாரத்து முற்றத்தில் நின்று அவன் மனைவி சிலம்பாயி சோற்றுத்தட்டைத் தூக்கிக் காட்டுவாள். அவன் செத்த பிறகும் பழக்கத்தில் கை தட்டைத் தூக்கியது. மேலிருந்து பதிலும் வந்தது. கோடை முழுக்க வந்தது. யாரென்று பார்க்க இன்று மலையேறினாள்.

புது வாட்சர் தண்ணீர் கொடுத்தான். "யாரத் தேடி வந்தீக?"

"சும்மாதேன்."

உச்சிவேளையில் ஒச்சப்பனின் கண்ணாடியை எடுத்து அவன் கீழே காட்டினான். காத்திருந்து மறுபடியும் காட்டினான்.

"அந்த வீட்டுல ஒரு அம்மா பதில் காட்டும். இன்னிக்கு என்னமோ காணோம். ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன். பொக தெரிஞ்சா தகரத்தத் தட்டுங்க."

சிலம்பாயி தலையாட்டினாள். அவன் இறங்கிப் போனதும், கண்ணாடியை எடுத்துத் தன் முற்றத்தைப் பார்த்துக் காட்டினாள். பிறகு பதிலுக்குக் காத்திருந்தாள்.